உலையில் பிறந்த சொல்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவிலே, சில வேளை ஒரே வீட்டிலே, ஒன்றோடொன்று தோள் உரசி வாழும் ஊர் தேன்கனிக்கோட்டை. சில கல் தொலைவு சென்றால் கன்னட நாடு. இன்னொரு பக்கம் திரும்பினால் ஆந்திரத்தின் எல்லை. இந்த ஊரிலே அரிவாளின் கூர் விளிம்பைத் தொட்டுக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டால், தமிழர் 'உருக்கு' என்பர். தெலுங்கரும் கன்னடியரும் 'உக்கு' என்பர். சின்னஞ்சிறு சொல். இந்தச் சொல்லை இலண்டன் மாநகரத்து அறிஞர்கள் காதிலே தவறாக வாங்கிக்கொண்டு, நூறாண்டுக்கு மேல் அது எந்த மொழி, எந்த நாடு, எப்பொருள் என்று தேடித் திரிந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

இந்நாளில் பல்கலைக் கழகங்களிலே மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒரு மாளிகை; வாணிப ஆராய்ச்சிக்கு வேறொரு மாளிகை; மொழியாராய்ச்சிக்கு மூலையிலே ஓர் அறை; உலோக ஆராய்ச்சிக்கு உலைக்கூடம். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் உருக்குக் கட்டியொன்று, இந்த நான்கு வாசல்களையும் தட்டியது. தட்டித் திறக்கவும் வைத்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம். கட்டி நம் நாட்டது. ஆராய்ச்சி அவர்களுடையது. ஏன் அப்படி என்பதுதான் நம் நெஞ்சை உறுத்தும் கேள்வி.

1790இல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் முடிந்தது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய மேட்டு நிலம், 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்தது. வாணிபம் செய்ய வந்தவன் நாட்டைப் பிடித்தான். நாட்டைப் பிடித்தவன் அந்நாட்டில் என்னென்ன விளைகிறது, என்னென்ன கிடைக்கிறது, எவரெவர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தான். நாம் ஆண்டாண்டு காலமாகக் கண்ணெதிரே கண்டும் எழுதி வைக்காததை, அவன் வந்த சில ஆண்டுகளில் எழுதி முடித்தான். சுரண்டுவதற்குத்தான் எழுதினான் என்பீர்கள். உண்மை. ஆனால் எழுதினான்.

எழுதியவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மருத்துவர்கள்! அந்த நாளில் கம்பெனிப் பணியிலிருந்த மருத்துவனுக்குச் செடி தெரியும், கனி தெரியும், கொஞ்சம் இரசாயனமும் தெரியும். 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் என்று நாடு சுற்றி, 1807இல் மூன்று பெருந்தொகுதிகளாக நூல் வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன் ஒரு மருத்துவர். மாகடிப் பகுதியில் இரும்பு உருக்குவதையும், துமகூர்ப் பக்கத்தில் எஃகு செய்வதையும் உலையின் பக்கத்திலேயே நின்று பார்த்து எழுதியவர் அவர். பெஞ்சமின் ஹெய்ன், சென்னை அரசின் கீழ்ப் பணியாற்றிய மருத்துவர், தாவர நூலார். அவரும் எஃகு உலைகளைப் பற்றி எழுதினார். பம்பாயிலே ஹெலனஸ் ஸ்காட் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர்தான் 1794இல், இலண்டன் அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ் என்பாருக்கு, வட்டமான தட்டைக் கட்டிகள் சிலவற்றை அனுப்பி, இதை இங்கே 'ஊட்ஸ்' என்பார்கள் என்று எழுதினார்.

கட்டிகளை ஆராயும் பொறுப்பு யாரிடம் போயிற்று? மறுபடியும் ஒரு மருத்துவரிடம். ஜார்ஜ் பியர்சன் என்பது அவர் பெயர். அம்மைப்பால் குத்துவதை இங்கிலாந்திலே பரப்ப முன்னின்றவர்களில் ஒருவர். 1795இல் அரச கழகத்திலே அவர் படித்த கட்டுரையின் தலைப்பு, பம்பாயில் செய்யப்படும் ஒருவகை எஃகு என்று கூறுகிறது! கட்டி கப்பலேறிய துறைமுகமே அது பிறந்த ஊராகிவிட்டது. பியர்சன் கேட்டுக்கொண்டபடி, ஸ்டொடார்ட் என்ற கருவி செய்வோர் அந்தக் கட்டியிலிருந்து ஒரு பேனாக் கத்தி அடித்துக் கொடுத்தார். அறுவை மருத்துவர்களுக்குக் கத்திகள் செய்து விற்பது ஸ்டொடார்ட்டின் தொழில். அவர் கண்டது: இங்கிலாந்தின் சிறந்த எஃகையும் விஞ்சும் கூர்மை. மருந்தில்லாத, மயக்கம் தரத் தெரியாத காலம் அது. அறுவைக் கத்தியின் கூர் ஓர் இழை மழுங்கினால், கட்டிலில் கிடப்பவன் அலறல் ஒரு பங்கு கூடும். ஆதலால் அந்தக் கூர்மையின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இங்கே சற்றே விலகிச் சென்று இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். விலகல்தான், ஆனால் வீணான விலகல் அல்ல. அதே 1794ஆம் ஆண்டில், இலண்டன் மாத ஏடு ஒன்று ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கௌவாஸ்ஜி என்பவனைத் திப்புவின் படையினர் 1792இல் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டனர். பூனா அருகே ஒருவர், அவன் நெற்றித் தோலை எடுத்து மூக்காக ஒட்டி வளர்த்துவிட்டார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் கூடவே நின்று பார்த்தனர். அச்செய்தியைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர், ஆண்டுக்கணக்கில் முயன்று பழகி, 1814இல் இலண்டனில் அதே முறையில் அறுவை செய்து வெற்றி கண்டு, 1816இல் நூலாகவும் எழுதினார். ஒட்டு மூக்கு மருத்துவம் ஐரோப்பாவில் புத்துயிர் பெற்ற வரலாறு இது. பூனாவில் அறுவை செய்தவர் யார்? சுசுருதர் நூலை ஓதிய பண்டிதரா? இல்லை. செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்தவர் என்கிறது அந்தக் கடிதம். வண்டியோட்டியின் பெயர் அச்சில் இருக்கிறது. கடிதம் எழுதியவரின் பெயரெழுத்துகள் இருக்கின்றன. மூக்கு வைத்தவரின் பெயர் மட்டும் இல்லை!

உருக்குக் கட்டிக்கு வருவோம்.

அதைச் செய்த முறையைத் தெளிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனியின் சென்னை அரசுப் பணியில் இருந்தவர். சேலம் பகுதி இரும்பிலே கண்ணும் கருத்தும் வைத்தவர். தேன்கனிக்கோட்டையும் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஹீத் கண்ட முறை இது. முதலில் களிமண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, கரியும் இரும்புக் கனியும் சேர்த்துத் தேனிரும்பு எடுப்பார்கள். அதைத் தட்டித் துண்டு துண்டாக நறுக்குவார்கள். உமி கலந்த களிமண்ணால் மூசை செய்து, அதிலே அரை ராத்தல் முதல் இரண்டு ராத்தல் வரை இரும்பை நெருக்கமாக அடுக்குவார்கள். எடையிலே பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் போடுவார்கள். மேலே ஓரிரு பச்சிலை - பெரும்பாலும் எருக்கிலை. மூசையின் வாயை மண் குழைத்து அடைப்பார்கள். காய்ந்ததும் இருபது, இருபத்துநான்கு மூசைகளை வளைவாக உலையில் அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே கட்டி!

ஆவாரையும் எருக்கும்! கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை வரை வழியெல்லாம் தானாக வளரும் செடிகள். ஒன்றைப் பொங்கலுக்குப் பறிப்போம். மற்றொன்றைப் பிள்ளையாருக்கு மாலையாக்கிப் போட்டுவிட்டு, அதிலேதான் அருள் இருக்கிறது என்போம். அந்தக் கொல்லன் எருக்கிலையை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டான் - மூசைக்குள்ளே. நெருப்பிலே அந்தக் குச்சியும் இலையும் கரியாகின்றன. அந்தக் கரி இரும்பிலே கரைகிறது. கரி கலவாத தேனிரும்பு வளையும், மழுங்கும். நூற்றுக்கு நான்கு பங்கு கரி ஏறினால் வார்ப்பிரும்பாகி நொறுங்கும். இரண்டுக்கும் இடையே, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி சேர்ந்தால், அதுதான் நம் உருக்கு. தராசு இல்லை, வெப்பமானி இல்லை, இரசாயனச் சமன்பாடு இல்லை. கண் அளந்தது, கை நிறுத்தது, தீயின் நிறம் நேரம் சொன்னது.

ஹீத் வியந்து போகிறார். கரி கலந்த ஆவியைக் கொண்டு இரும்பை எஃகாக்கலாம் என்று மக்கின்டாஷ் என்பார் இங்கிலாந்தில் உரிமை பெற்றது 1825இல். மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் ஒன்றாக மூடி உருக்கலாம் என்று டேவிட் மஷெட் உரிமை பெற்றது 1800இல். இந்த இரண்டு முறைகளின் கருத்தும் இந்தியக் கொல்லனின் மூசைக்குள் அடங்கியிருக்கின்றனவே, இவன் எப்படிக் கண்டான் என்று கேட்கிறார். பண்டை எகிப்தியர் கற்றூண்களைச் செதுக்கியது இந்திய எஃகுக் கருவியால்தான் என்று ஓர் ஊகத்தையும் போடுகிறார். அந்த ஊகம் நமக்கு வேண்டாம். சான்று இல்லாத பெருமை, நமக்குச் சாதகமாக இருந்தாலும், சான்று இல்லாததுதான்.

இனி மைக்கேல் பாரடே. மின்சாரம் என்றால் நினைவுக்கு வரும் அந்தப் பெரும் பெயர், நம் உருக்குக் கட்டியோடும் பிணைந்தது என்பதைப் பாடப் புத்தகங்கள் நமக்குச் சொல்வதில்லை. 1819இல் அவர் இந்திய எஃகைப் பகுத்தாராய்ந்து கட்டுரை எழுதினார். பின்னர் ஸ்டொடார்ட்டோடு சேர்ந்து 1820லும் 1822லும் எஃகுக் கலவைகளைப் பற்றி இரண்டு கட்டுரைகள். அவர் கண்ட முடிவு தவறு! மணலின் சத்தும் களிமண்ணின் சத்தும் அதிலே சிறிது இருப்பதைக் கண்டு, எஃகின் சிறப்பு அதனால்தான் என்று கருதினார். காரணம் கரிதான் என்பதை அதற்கு முன்பே, 1805இல், மஷெட் ஒருவாறு கூறியிருந்தார். பாரிசு நாணயச் சாலையில் பணியாற்றிய பிரேயான் என்பார், நூற்றுக்கணக்கான சோதனைகள் நடத்தி, 1820களில் அதை உறுதி செய்தார். ஆனால் பாரடேயின் தவறு வீண் போகவில்லை. இந்திய எஃகைப் போலச் செய்யப் பார்த்து, பிளாட்டினம், வெள்ளி, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றையும் எஃகோடு கலந்து உருக்கிப் பார்த்தார் அல்லவா? கலவை எஃகு ஆராய்ச்சி என்ற ஒரு துறையே அங்கே தலையெடுத்தது. அறிவியலின் அழகு அது. அங்கே தவறும் பயன் தரும். ஏனென்றால் அது தவறு என்று காட்ட எவனுக்கும் உரிமை உண்டு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், இளைஞர்களே! பாரடேயின் தந்தை ஒரு கொல்லர். இலண்டனை அடுத்த ஊரில் சம்மட்டி பிடித்தவர். மகன் பள்ளியில் படித்தது கொஞ்சம். புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்காரன். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவன். 1813இல் அரச ஆய்வுக் கூடத்தில் டேவியின் உதவியாளன். அங்கும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. டேவியின் மனைவி, ஐரோப்பியப் பயணத்தில் அவரை ஏவலாள் போலவே நடத்தினார். ஆயினும் கொல்லன் மகன் ஆய்வுக் கூடத்தில் நுழைந்ததால் கூடம் தீட்டாகிவிட்டது என்று எவரும் கழுவிவிடவில்லை.

அதே காலத்தில் நம் நாட்டுக் கம்மாளர் எதற்காகப் போராடிக் கொண்டிருந்தார்கள்? தங்கள் வீட்டுத் திருமணத்தைத் தங்கள் முறைப்படி, தங்கள் ஆட்களைக் கொண்டே நடத்திக்கொள்ளும் உரிமைக்காக! சித்தூர் நீதிமன்றத்தில் வழக்காடி, 1818இல் தீர்ப்புப் பெற்றார்கள். பாரடே இந்திய எஃகைப் பற்றி எழுதியதற்கு முந்திய ஆண்டு. இலண்டன் கொல்லன் மகன் எஃகின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறான். எஃகைச் செய்த நாட்டின் கம்மாளனோ, என் வீட்டு மணவறையில் நான் உட்காரலாமா என்று கேட்கிறான்.

இனி, சொல்லின் கதை. 'ஊட்ஸ்' என்று ஸ்காட் எழுதினார் அல்லவா? அப்படி ஒரு சொல் எந்த இந்திய மொழியிலும் இல்லை. ஆங்கிலேய அகராதிக்காரர்கள் திகைத்தார்கள். 1886இல் யூல், பர்னெல் என்ற இருவர், இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டிப் பேரகராதி வெளியிட்டனர். அவர்கள் சொன்னது: இது எழுத்துப் பிழையாக இருக்கலாம், கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லை 'ஊக்' என்று எழுதப்போய், அது 'ஊட்ஸ்' என்று திரிந்திருக்கலாம். பர்னெல் தென்னாட்டிலே நீதிபதியாயிருந்து, தென்னாட்டு எழுத்துகளை ஆராய்ந்தவர். கன்னடம் பக்கம் அவர் கண் போனதில் வியப்பில்லை.

ஆனால் 'உக்கு' தனிச் சொல் அன்று. தெலுங்கிலும் அதுவே. விசாகப்பட்டினத்து எஃகாலையின் குடியிருப்பு நகருக்கு 'உக்கு நகரம்' என்றே பெயர். தமிழிலே 'உருகு' என்பது தன்வினை. 'உருக்கு' என்பது பிறவினை. உருக்கப்பட்ட பொருளும் 'உருக்கு'. வினையும் பெயரும் ஒன்றாகவே நிற்கின்றன. கன்னடத்தில் 'உர்க்கு' என்றும் பழைய வடிவம் உண்டு. ரகரம் தேய்ந்து 'உக்கு' ஆயிற்று. 'உருகு' என்ற வினையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'உக்கு' என்பதற்குப் பொருள் விளங்குகிறது: வெறும் இரும்பு அன்று, உருக்கிய இரும்பு. சொல்லுக்குள்ளேயே செய்முறை இருக்கிறது! தட்டி எடுக்கும் தேனிரும்புக்கு இல்லாத பெயர், மூசையில் உருக்கி எடுப்பதற்கு மட்டும் கிடைத்திருக்கிறது. வேதியியல் நூல் எழுதாத கொல்லன், தன் நூலை ஒரே சொல்லாக எழுதிவைத்துவிட்டுப் போனான் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இந்த உறவை நாம் இன்று எளிதாகச் சொல்கிறோம். இது எளிதாகக் கிடைத்ததல்ல. இந்திய மொழிகளெல்லாம் வடமொழி வயிற்றிலே பிறந்தவை என்ற எண்ணமே அறிஞர் உலகில் ஆட்சி செய்த காலம் உண்டு. 1816இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரையாக ஒரு குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, இவை வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஓரினம் என்று காட்டினார். எல்லிஸ் 1819இல் இறந்துவிட்டார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தபிறகுதான் உலகம் நன்றாகத் திரும்பிப் பார்த்தது. 1961இல் பர்ரோவும் எமனோவும் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டனர். இவ்வளவு ஏடுகளும் சேர்ந்து நிலைநாட்டிய உண்மையின் ஒரு துளியைத் தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் நின்று காதாலேயே கேட்கலாம். எல்லைக் கல் நடுவோர் ஊரைப் பிரிக்கலாம். 1956இல் மாநிலங்களைப் பிரித்தார்கள். உருக்கும் உக்கும் பிரியவில்லை.

வாணிபத்தின் கதை சுருக்கமானது, துயரமானது. ஹீத் பணியை விட்டு விலகி, இங்கிலாந்து சென்று இரும்புத் தொழிலைக் கற்று, 1830இல் கம்பெனி தந்த முன்பணத்தோடு பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தார். கனியோ சேலத்து மலையில், ஆலையோ கடற்கரையில். கரிக்குக் காடு காடாக வெட்ட வேண்டியிருந்தது. கடன் ஏறியது, கம்பெனிகள் பெயர் மாறின, பேப்பூரிலும் சேலம் பகுதியிலும் உலைகள் எழுந்து அணைந்தன, அந்நூற்றாண்டு முடியுமுன் எல்லாம் அடங்கிற்று. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகிலே மாங்கனீசுக் கரிக்கலவை சேர்த்தால் தரம் உயரும் என்று கண்டு, 1839இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஷெப்பீல்டு எஃகின் விலையே சரிந்தது. ஆனால் உற்பத்தியாளர் தந்திரம் செய்தனர். மாங்கனீசையும் கரியையும் கலவையாக்காமல் தனித்தனியே மூசையில் போட்டுவிட்டு, உம் பத்திரத்தில் இது எழுதப்படவில்லையே என்றனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். வழக்கின் இறுதித் தீர்ப்பு 1855இல் வந்தது - அவருக்கு எதிராக.

எழுத்திலே ஒரு சொல் குறைந்ததால் ஹீத் கெட்டார். எழுத்தே இல்லாதவர்கள் கதி என்ன? ஆங்கில நாட்டு இரும்பு கப்பல் கப்பலாக வந்து மலிவாக விற்றது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தேன்கனிக்கோட்டையைச் சூழ்ந்த காடுகள் போன்றவை காப்புக்காடுகளாயின. காடு அழிவதைத் தடுக்க வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை ஆலைக்கும் இரயில் பாதைக்கும் காட்டைத் தின்னக் கொடுத்த ஆட்சி, அதற்குப் பிறகு ஊருலைக்காரனின் கரிக்கூடைக்கு வாசலை அடைத்தது. உலை அணைந்தது. ஊதிய மனிதர் வயற்கூலிகளாயினர். அடித்த கொல்லர் கப்பலில் வந்த இரும்பை வாங்கி அடித்தனர். அவர்களிடம் உரிமைப் பத்திரமும் இல்லை, வழக்கும் இல்லை, வழக்கில் தோற்றார்கள் என்று எழுதிவைக்கத் தீர்ப்பும் இல்லை.

எல்லாம் வெள்ளைக்காரன் செய்த கொடுமை என்று முடித்துவிட்டால் நமக்கு எளிது. முடிக்க முடியவில்லையே! வங்காளத்து இரசாயன மேதை பிரபுல்ல சந்திர ரே, தம் இந்து இரசாயன வரலாற்றின் முதற்பகுதியை 1902இல் வெளியிட்டார். இந்தியாவின் பண்டைய இரசாயன அறிவைத் தேடித் தேடித் தொகுத்துப் பாராட்டிய அதே மனிதர், அந்த அறிவு ஏன் செத்தது என்றும் கேட்டார். சாதி கட்டிப்பட்டது, கைத்தொழில் தாழ்ந்த சாதிக்கென்று தள்ளப்பட்டது, பிணத்தைத் தொடுதல் தீட்டு என்றதால் உடற்கூற்று அறிவு ஒழிந்தது, உலகமே மாயை என்ற தத்துவம் உலகை ஆராயும் ஊக்கத்தைக் கெடுத்தது, ஏன், எப்படி என்று கேட்க வேண்டிய மூளை, தொழில் நடக்கும் இடத்தை விட்டே விலகிப் போயிற்று - இதுதான் அவர் தந்த விடை. இதைச் சொன்னவர் நம் கூட்டத்து மேடைப் பேச்சாளர் அல்லர். மாநிலக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர்.

நினைத்துப் பாருங்கள். சாம்பலைத் தூக்கினால் தீட்டு, தோல் துருத்தியைத் தொட்டால் தீட்டு, கரி பட்டால் கறை. படித்தவனுக்குத் தீ என்றால் ஓமத்தீ. நெய் ஊற்றத் தெரியும், காற்று ஊதத் தெரியாது. உலைத்தீயைத் தெரிந்தவனுக்கோ ஏடு இல்லை. ஒரு வீட்டில் எழுத்தாணி, மறு வீட்டில் சம்மட்டி; இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு மதில். அந்த மதிலை ஏறிக் குதித்துத்தான் புக்கானன் என்ற அயலான் பார்த்தான். எத்தனை பேர் வேலை, என்ன கூலி, யார் முதல் போட்டது என்று கேட்டு எழுதினான். அவன் நூல் இல்லாவிட்டால், எருக்கிலையும் ஆவாரையும் நமக்குப் பூசைப் பொருளாக மட்டுமே தெரிந்திருக்கும்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. திரும்பிய காற்றிலே புழுதியும் பறக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம், கரிமக் கணக்கீட்டின்படி கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 சனவரியில் வெளியான அறிக்கை, சிவகளையில் அதனினும் ஓராயிரம் ஆண்டுக்கு அருகே முற்பட்ட காலத்தைக் கூறியது. கொடுமணலில் உலைகளும் மூசைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மகிழ்கிறோம். ஆனால் அறிஞர்கள் இன்னும் வாதாடும் காலக் கணக்கை, வாதம் முடியுமுன்னே மேடையில் முழங்கித் தீர்ப்பாக்கிவிட வேண்டாம். இன்னும் தோண்டட்டும், இன்னும் அளக்கட்டும். 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கசு வாள் ஒன்றில் கரியின் நுண்குழல்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு எழுதினார்கள். உடனே, நம் முன்னோர் நுண்பொருள் விஞ்ஞானிகள் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது! நுண்குழல் அங்கே உண்டானது வேறு; உண்டாக்கத் தெரிந்திருந்தது வேறு. கொல்லனுக்குத் தெரிந்திருந்தது போதாதென்று, அவனுக்குத் தெரியாததையும் அவன் தலையில் கட்ட வேண்டுமா? உயிரோடிருந்தபோது அவனைத் திண்ணையில் ஏற விடாதவர்கள், செத்தபின் அவனை முனிவராக்குகிறார்கள்.

ஓசூரிலே 1970களிலிருந்து தொழிற்பேட்டை வளர்ந்தது. 1980இல் கனரக வண்டியும் மொபெட்டும், 1987இல் கைக்கடிகாரமும் அங்கே உருவாயின. இன்று கேளமங்கலத்தருகே கைப்பேசிக்கு உலோக உறை கடைகிறார்கள். தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் விடியலில் பேருந்து ஏறி, எஃகை நூலிழைக்கும் குறைவான அளவில் செதுக்கும் எந்திரங்களின் முன் நிற்கிறார்கள், பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். எஃகைத் தொட்ட கை தீட்டு என்று அங்கே எவனும் சொல்வதில்லை. ஆனால் அந்த எந்திரத்தின் முன் நிற்பவள் தான் கண்டதைக் கட்டுரையாக எழுதி ஆய்வு ஏட்டுக்கு அனுப்பியதாக நாம் இன்னும் படிக்கவில்லை. படிக்க ஆசைப்படுகிறோம்.

முடியாத காரியம் அல்ல. டமாஸ்கசு வாளின் மேலே நீரோட்டம் போல் ஓடும் வரிகள் எப்படி வந்தன என்பது இருநூறாண்டுப் புதிர். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக் கழகத்து உலோகப் பேராசிரியர் வெர்கோவன் அதை எடுத்துக்கொண்டார். ஏட்டறிவு அவரிடம் இருந்தது, உலையறிவு போதவில்லை. புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த ஆல்பிரட் பெண்ட்ரே என்ற கொல்லரைத் தேடிச் சேர்ந்தார். ஒருவர் உருக்கினார், அடித்தார், மற்றவர் அறுத்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், ஆண்டுக்கணக்கில். கடைசியில் கண்டது: இரும்புக் கனியோடு தானாகக் கலந்து வரும் மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற பொருள்கள்தான் அந்த வரிகளை எழுப்புகின்றன. அந்தக் கனி தீர்ந்ததும் கலையும் தீர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 1998இல் உலோகவியல் ஏட்டில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. தலைப்பின் கீழே மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. இரண்டாவது பெயர் கொல்லருடையது.